மாமா என்று எழுதிய குழாய்

ரெபேக்காவுக்குக் கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெள்ளைக் கோட்டின் நுனியில் துடைப்பாள். அன்றைக்குக் காலையிலிருந்து துடைத்துத் துடைத்தே கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது.

அவள் முன்னால் கணினித் திரையில் மூன்று பேருடைய முடிவுகள் இருந்தன. ஒன்று நோயாளி தீபக்குடையது. ஒன்பது வயதுப் பையன். இன்னொன்று அவன் அம்மாவுடையது. மூன்றாவது குழாயில் உறவுமுறை என்ற இடத்தில் ‘மாமா’ என்று எழுதி ஒட்டியிருந்தது. அம்மாவுக்கும் பையனுக்கும் சரிபாதி பொருந்தியது. பெற்றவள் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் மாமாவுக்கும் பையனுக்கும் முழுக்கப் பொருந்தியிருந்தது. ஓர் எழுத்துக்கூடப் பிசகவில்லை.

“தாய்மாமன் முழுசாப் பொருந்தறாராமா? யாரு காதுல பூ சுத்தறீங்க?” என்று திரையைப் பார்த்தே கேட்டாள்.

கோயம்புத்தூரின் அந்த மருத்துவமனையில் திசுப் பொருத்தம் பார்க்கும் ஆய்வகம் ரெபேக்காவின் பொறுப்பில் இருந்தது. போத்தனூர் ரயில்வே காலனியில் வளர்ந்தவள். ரயில் சரியான நேரத்துக்கு வந்தால்கூட ஏன் வந்தது என்று சந்தேகப்படுகிற சுபாவம். பொருத்தம் பார்க்கிற வேலை என்பதால் வார்டில் அவளுக்கு ஜாதகக்காரம்மா என்று பட்டப்பெயர். அது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொள்வாள்.

அவள் பார்ப்பது நட்சத்திரத்தை அல்ல, கையை. நம் உடம்பில் எந்தச் செல்லும் தனக்குள் நடப்பதை ஒளித்துவைப்பதில்லை. உள்ளே இருக்கும் புரதங்களைப் பொடிப்பொடியாக நறுக்கி, ஒவ்வொரு துணுக்கையும் ஒரு சின்னக் கையில் வைத்து வெளியே நீட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கைக்கு எச்.எல்.ஏ. என்று பெயர். ரத்தத்தில் சுற்றிவரும் டி செல்கள் வாசல் வாசலாக நின்று அந்தக் கைகளைத் தொட்டுப் பார்க்கின்றன. கையில் இருப்பது வீட்டுச் சோறு என்றால் பேசாமல் நகர்ந்துவிடும். வைரஸின் துணுக்கு என்றால் அந்தச் செல்லையே தீர்த்துக் கட்டிவிடும்.

இத்தனை வருட வேலைக்குப் பிறகும் ரெபேக்காவுக்கு வியப்பு அடங்காத விஷயம் ஒன்று உண்டு. டி செல்லுக்கு வைரஸைத் தனியாக அடையாளம் தெரியாது. முழு வைரஸே முன்னால் மிதந்து போனாலும் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். பழகிய கை ஒன்று அந்தத் துணுக்கை நீட்டினால்தான் அதற்குப் புரியும். கையும் கையில் இருப்பதும் இரண்டும் சேர்ந்துதான் அதன் கண்ணுக்கு ஒரு பொருள். பழகாத கை வந்து நின்றாலோ கதையே வேறு. அதில் என்ன இருக்கிறது என்று நிதானிக்காமல் பல செல்கள் பாய்ந்துவிடும்.

தீபக்கின் சிக்கலே அவனுடைய டி செல்கள்தான். அவை எதனாலோ புத்தி பிசகி, அவன் எலும்பு மஜ்ஜையையே அந்நியம் என்று நினைத்து அழித்துக்கொண்டிருந்தன. மஜ்ஜை வற்றினால் ரத்தம் ஊறாது. பையன் வெளுத்துப்போய், பல் துலக்கினாலே ரத்தம் கசிய, கண்ணாடி அறைக்குள் கிடந்தான். வேறொருவரின் மஜ்ஜையைக் கொடுத்துப் புதிதாக ஆரம்பிப்பதுதான் வழி. அப்படிக் கொடுக்கும்போது கொடுப்பவரின் டி செல்களும் கூடவே வரும். கை பொருந்தவில்லை என்றால் அவை பையனின் தோல், குடல், ஈரல் எதையும் விட்டுவைக்காது.

ஆகவே ‘முழுப் பொருத்தம்’ என்று ரெபேக்கா தப்பாக எழுதிக் கொடுத்தால், அந்த ஒரு வரி பையனைக் கொன்றுவிடும். சரியான பொருத்தத்தை நம்பாமல் தள்ளிவிட்டாலும் அவன் பிழைப்பது கஷ்டம்.

அவளுடைய பயம் நியாயமானது. பையனின் ரத்தத்தில் வெள்ளணுக்களே அற்றுப்போயிருந்ததால் அவன் குழாயிலிருந்து மரபணு சொட்டுதான் கிடைத்தது. மாமாவின் குழாயிலோ அள்ள அள்ள வந்தது. பக்கத்துக் குழாயிலிருந்து ஒரு துளி எகிறி விழுந்திருந்தாலும் போதும், பையனுடையது என்று நினைத்து மாமாவையே இரண்டு தரம் சோதித்திருப்பார்கள்.

தொலைபேசி அடித்தது. மஜ்ஜை மாற்று டாக்டர் சுந்தரராஜுலு.

“ஏம்மா ரெபேக்கா, எவ்வளவு நேரம்? வெளியாளுங்க பட்டியல்லயும் யாரும் பொருந்தலை. பையனுக்குக் காய்ச்சல் விடமாட்டேங்குது. அம்மாவோட பாதிப் பொருத்தத்தை வெச்சே ஆரம்பிச்சிரலாமா? ஆபத்துதான். வேற வழி?”

“நாளைக்கு வரைக்கும் பொறுங்க சார். இங்க ஒண்ணு இடிக்குது.”

“நாளைக்கு மேல என்னால பொறுக்க முடியாதும்மா” என்று அவர் வைத்துவிட்டார்.

ரத்தம் எடுத்தவன் லியோ. கல்யாணம் ஆகாதவன், ஊசி குத்துவதே தெரியாமல் குத்துவான் என்று பேர் வாங்கியவன். அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்தாள்.

“லியோ, இந்த மாமா யாருப்பா?”

“பையனோட மாமாங்க மேடம். அந்தக்கா கூட முகக்கவசத்தோட வந்திருந்தாரு, கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சது. இவரு யாருங்க்கான்னு கேட்டேன், மாமாங்கன்னாங்க. எழுதிட்டேன்.” ஆய்வகத்தில் குழாயின் மேல் ஆள் பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. நோயாளியின் எண்ணும் உறவுமுறையும்தான்.

“அப்ப பையனோட அப்பா எங்க?”

“அவரை நான் பாக்கவே இல்லைங்களே மேடம்.”

ரெபேக்காவுக்குச் சுருக்கென்றது. பிள்ளை இப்படிக் கிடக்கும்போது எட்டிக்கூடப் பார்க்காத அப்பனா என்று மனசுக்குள் வைதுகொண்டிருந்தபோதே வாசலில் ஒரே இரைச்சல். எட்டிப் பார்த்தாள். ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கி, ஆய்வகத்தின் வாசலில் சட்டைக் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு நின்றிருந்தார்கள். நடுவில் நின்ற ஆள் நெடுநெடுவென்று இருந்தார். சட்டையெல்லாம் தேங்காய் நார்த் தூசி.

“ஏனுங் மேடம், நான் தம்பிதுரைங்க. கிணத்துக்கடவு. தீபக்கோட அப்பனுங்க. எல்லாத்தையும் கூட்டியாந்துபோட்டனுங்க. யாருகிட்ட எடுக்கோணுமோ எடுத்துக்கோங்க.”

“இவங்கெல்லாம் யாருங்க?”

“பையனுக்கு அண்ணன் தம்பிகளுங்க. கூடப்பொறந்தவங்கதான் நல்லாப் பொருந்துவாங்கன்னு டாக்டர் சொன்னாருங்களே. எங்களுக்கு ஒத்தப் பையனுங்க. சரி, பங்காளி பசங்களும் கூடப்பொறந்தவங்க மாதிரித்தானேன்னு அத்தன பேத்தையும் நார் மில்லு வேன்லயே ஏத்திட்டனுங்க. எல்லாம் ஒரே குலக் கூட்டமுங்க. ஒரே ரத்தமுங்க.”

அந்தக் கூட்டத்தில் மீசை நரைத்த ஐயாசாமி என்பவரும் இருந்தார். முறைப்படி பார்த்தால் அவர் ஒன்பது வயது தீபக்குக்கு அண்ணனாம். அண்ணன் ரொம்ப மும்முரமாக நரம்பைத் தட்டித் தயார் செய்துகொண்டிருந்தார். வேறு நாளாக இருந்தால் ரெபேக்கா சிரித்திருப்பாள்.

“இத்தனை அண்ணனுங்க இருக்கட்டுங்க. அந்த மாமா எங்க?”

“எந்த மாமனுங்க?”

“பையனோட மாமா. ரத்தம் குடுத்துட்டுப் போனாரே.”

எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐயாசாமிதான் சொன்னார். “பையனுக்கு மாமனே இல்லீங்களே அம்மணி. லோகப்பிரியா ஒத்தப் புள்ளைங்க. கூடப்பொறந்தவன்னு ஒருத்தனும் கெடையாதுங்.”

ரெபேக்கா லியோவைத் திரும்பிப் பார்த்தாள். இல்லாத மாமாவின் ரத்தம் குழாயில் எப்படி வந்தது? யாருடைய குழாயையோ யாருக்கோ ஒட்டியாகிவிட்டது. அப்படியானால் அம்மாவின் குழாயையும் நம்ப முடியாது, பையனின் குழாயையும் நம்ப முடியாது. லியோவின் முகத்தில் ஈயாடவில்லை.

“சத்தியமா அந்தக்கா வாயாலயே சொன்னாங்க மேடம்” என்று அவன் வார்டுக்கு ஓடி, தீபக்கின் அம்மா லோகப்பிரியாவை அழைத்து வந்தான். முகக்கவசத்துக்கு மேலே அவளுடைய கண்கள் மட்டும் தெரிந்தன. தூங்கி வெகுநாள் ஆன கண்கள்.

“அக்கா, அன்னைக்கு நான் ரத்தம் எடுத்தேனே, அவரை யாருன்னு சொன்னீங்க?”

“மாமான்னு சொன்னனுங்.”

“அந்த மாமா இப்ப எங்க?”

இது என்ன கேள்வி என்பதுபோல் அவள் அவனைப் பார்த்தாள். பிறகு தம்பிதுரையைக் கையைக் காட்டினாள். “இதா, முன்னால நிக்கறாருங்களே.”

வேன் கூட்டம் மொத்தமும் கொல்லென்று சிரித்தது. கட்டிய புருஷனை மாமா என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? லியோ வீட்டில் அவன் அம்மா அவன் அப்பாவை ‘லியோ அப்பா’ என்று கூப்பிடுவது வழக்கம். பாவம், அவனுக்கு அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. அவனும் அசடு வழியச் சிரித்தான். ரெபேக்கா சிரிக்கவில்லை.

அப்பா. அந்தக் குழாய் அப்பாவுடையது. அப்பாவும் பாதிதானே பொருந்த வேண்டும்? முழுசாக எப்படி?

சட்டென்று ஒன்று தோன்றியது. லோகப்பிரியாவிடம் மெல்லக் கேட்டாள். “அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடியும் இவரு உங்களுக்கு மாமாதானுங்களா?”

லோகப்பிரியாவின் கண்கள் சுருங்கின.

“அத்தை பையனுங்க. எங்கப்பாவும் இவங்க அம்மாவும் கூடப்பொறந்தவங்க. சொந்தத்துல கட்டுனீங்க, அதான் பையனுக்கு இப்படி வந்துருச்சுன்னு வர்றவங்க போறவங்க எல்லாம் சொல்லிப்போட்டாங்க. இப்ப நீங்களும் அதத்தானுங்களே கேக்கறீங்க?”

அத்தை பையன் என்று கேட்டதும் ரெபேக்காவுக்கும் ஒரு நொடி அப்படித்தான் தோன்றியது. வெட்கமாக இருந்தது. “இல்லைங்கம்மா. அப்படி வர்ற வியாதியான்னு டாக்டர் முன்னாடியே சோதனை பண்ணிட்டாரு. இது அது இல்லை. உங்க மேல ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் பொறுங்க, நான் வேற ஒண்ணு பாக்கறேன்.”

மேசைமேல் கிடந்த கையுறைப் பெட்டியைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் பேனாவால் கோடு இழுக்க ஆரம்பித்தாள். எவருக்கும் அந்தக் கையின் எழுத்துகள் அம்மாவிடமிருந்து ஒரு பாதி, அப்பாவிடமிருந்து ஒரு பாதி என்றுதான் வரும். மேலே தம்பிதுரையின் அம்மா ராசாத்தாள், பக்கத்தில் அவள் தம்பி, அதாவது லோகப்பிரியாவின் அப்பா. அக்காளுக்கும் தம்பிக்கும் பெற்றவர்களிடமிருந்து ஒரே பாதி வந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். அக்காள் அதைத் தன் மகன் தம்பிதுரைக்குக் கொடுத்தாள். அவளுடைய தம்பி அதையே தன் மகள் லோகப்பிரியாவுக்குக் கொடுத்தான். கல்யாணமாகி, லோகப்பிரியா தன்னிடமிருந்த இரண்டு பாதிகளில் அதையே எடுத்துப் பிள்ளைக்குக் கொடுத்தாள். தம்பிதுரை தன்னுடைய மற்றப் பாதியைக் கொடுத்தார். கூட்டிப் பார்த்தால், மகனிடம் வந்து சேர்ந்தவை இரண்டும் அப்பனிடம் இருக்கிற அதே இரண்டு. அப்பன் கொடுக்காமல் விட்ட பாதியை அம்மா கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள்.

பேனா கோட்டின் முடிவில் நின்றது. ரெபேக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு வேன் நிறைய ஒரே ரத்தம் என்று தேடிக் கூட்டி வந்த மனிதர், தன் கைக்குள்ளேயே விடையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

ஆனாலும் அவள் ரெபேக்கா. சிலிர்ப்பை நம்பி அறிக்கை எழுதமாட்டாள். தானே கவசம் போட்டுக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போய், தீபக்கின் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் வழித்தெடுத்தாள். தம்பிதுரையிடம் வேறு அறையில், வேறு பஞ்சு. இரண்டையும் வேறு வேறு மேசையில் வைத்து, லியோவைக்கூடப் பக்கத்தில் விடாமல் முதலிலிருந்து செய்தாள். வேன் கூட்டம் சும்மா திரும்ப மனசில்லாமல் நின்றது. “வந்தது வந்தீங்க, ரத்த வங்கியில குடுத்துட்டுப் போங்க. இங்க தேவைப்படற புள்ளைங்க நெறையப் பேர் இருக்காங்க” என்று அனுப்பிவைத்தாள். ஐயாசாமி அண்ணன்தான் வரிசையில் முதல் ஆள்.

மறுநாள் முடிவு வந்தது. அதே எழுத்துகள், அதே வரிசை. ரெபேக்கா தொலைபேசியை எடுத்தாள்.

“சார், முழுப் பொருத்தம். அப்பா.”

சுந்தரராஜுலு, “அப்பாவா? இன்னொரு தடவை சொல்லும்மா” என்றார். சொன்னாள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்த ஓசை தொலைபேசியிலேயே கேட்டது.

லோகப்பிரியாவிடம் அவளே போய்ச் சொன்னாள். “உங்க கல்யாணத்தால வந்த பொருத்தமுங்க இது. ஆனா இதக் காரணமா வெச்சு யாரையும் சொந்தத்துல கட்டுங்கன்னு சொல்லிறாதீங்க. இது குருட்டாம்போக்குல வாய்ச்சது.” லோகப்பிரியா தலையை ஆட்டினாள். அவள் காதில் முதல் வாக்கியத்துக்கு மேல் எதுவும் ஏறினதாகத் தெரியவில்லை.

பையனின் உடம்பில் மிச்சமிருந்த பழைய செல்களை மருந்தால் துடைத்துவிட்டு, தம்பிதுரையின் மஜ்ஜையை ஏற்றினார்கள். பார்க்க ஒரு சாதாரண ரத்தப் பை போலத்தான் இருந்தது. அது நரம்பு வழியாக ஏறி, வழி சொல்ல ஆளில்லாமலே எலும்புகளைத் தேடிப்போய்க் குடியேறியது. சில வாரங்களில் வெள்ளணுக்கள் தலைகாட்டின. பரிசோதித்தால் எல்லாம் அப்பனுடையவை. பையனின் தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. அப்பனின் டி செல்கள் மகனின் கைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்துகொண்டிருந்தன.

எல்லோரும் மூச்சு விட்ட சமயத்தில் பையனுக்கு மறுபடியும் காய்ச்சல் வந்தது.

இந்தத் தடவை வைரஸ். சி.எம்.வி. என்பார்கள். நம் ஊரில் அநேகமாக எல்லோருக்கும் குழந்தையிலேயே வந்து, சளியோடு சளியாக அடங்கி, உடம்பின் ஏதோ ஒரு மூலையில் காலம் முழுக்கத் தூங்கிக்கொண்டிருக்கும். காவல் இல்லாத வீடு என்று தெரிந்ததும் தீபக்கின் உடம்பில் அது விழித்துக்கொண்டது. விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். மருந்து உண்டு. ஆனால் அந்த மருந்து, இப்போதுதான் துளிர்விட்டிருந்த மஜ்ஜையையும் சேர்த்துக் கருக்கிவிடக்கூடும்.

“ரெபேக்கா, ஒண்ணே ஒண்ணு பாத்துச் சொல்லு” என்றார் சுந்தரராஜுலு. அவர் குரலில் வழக்கமான அதட்டல் இல்லை. “இந்த வைரஸைத் தெரிஞ்ச டி செல்லு ஏதாவது அப்பாகிட்ட இருந்து வந்து சேர்ந்திருக்கா? இருந்தா ஒண்ணு ரெண்டு நாள் மருந்தைக் கையில வெச்சுக்கிட்டுக் காத்துப் பாப்பேன். இல்லைன்னா இப்பவே குடுத்தாகணும்.”

அதைப் பார்க்க ஒரு வழி உண்டு. தீபக்கின் கையைப் போலவே வடிவமைத்த பொய்க் கைகள், அவற்றில் வைரஸின் ஒரு துணுக்கு, அதோடு ஒளிரும் சாயம். அந்தக் கையையும் அந்தத் துணுக்கையும் சேர்த்து அடையாளம் தெரிந்த டி செல் மட்டும் அதைப் பற்றிக்கொண்டு ஒளிரும். மற்றவை திரும்பிப் பார்க்காது. ரெபேக்கா பையனின் ரத்தத்தில் அதைக் கலந்து, இயந்திரத்தில் வைத்தாள். செல்கள் ஒவ்வொன்றாக லேசர் ஒளியின் முன்னால் ஓடின. திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இடது கீழ் மூலை புள்ளிகளால் கறுத்துக்கொண்டே போனது. ஒளிரும் செல்கள் வந்து விழ வேண்டிய வலது மேல் மூலைதான் அவளுக்கு வேண்டியது. அது வெறுமையாக இருந்தது.

லியோ பின்னால் நின்று விரல்களைச் சொடக்கினான். “சும்மா இருடா” என்றாள்.

மேல் மூலையில் ஒரு புள்ளி விழுந்தது. தூசியாக இருக்கும் என்று விட்டாள். இன்னொன்று விழுந்தது. அப்புறம் இரண்டும் மூன்றுமாக விழுந்து, ஒரு சின்னக் கூட்டமாகவே சேர்ந்துவிட்டது.

“கர்த்தாவே” என்றாள் ரெபேக்கா. அவள் சர்ச்சில்கூட இவ்வளவு மனசார அந்தச் சொல்லைச் சொன்னதில்லை.

தம்பிதுரை கைக்குழந்தையாக இருந்தபோது, அல்லது பிறப்பதற்கும் முன்னால், அவருடைய மார்பெலும்புக்குப் பின்னால் இந்தச் செல்களின் மூதாதைகள் உருவாயின. எந்த வைரஸ் வரப்போகிறது என்று யாருக்கும் தெரியாத காலம். உடம்பு தன் மரபணுத் துண்டுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கலைத்துக் கலைத்து அடுக்கி, கோடிக்கணக்கில் டி செல்களைச் செய்தது. சொந்தக் கையை அடையாளம் தெரியாததையெல்லாம் சாகவிட்டது. சொந்த வீட்டுச் சோற்றைப் பார்த்தே பாய்ந்ததையெல்லாம் கொன்றது. நூற்றில் ஒன்றிரண்டு பிழைத்தன. பிழைத்தவற்றில் ஏதோ ஒன்றுக்கு, ஒருநாள் தற்செயலாக இந்த வைரஸின் இந்தத் துணுக்கு சரியாகப் பொருந்தியது. அது பெருகியது, வைரஸை அடக்கியது, மறக்காமல் இருந்தது. இன்றைக்கு வேறோர் உடம்பில், முன்பின் நுழைந்திராத நரம்புகளில், அதே கை அதே துணுக்கை நீட்ட, அது பார்த்தவுடன் தெரிந்துகொண்டுவிட்டது. எழுதிவைத்த ஆளும் இல்லை, சொல்லிக் கொடுத்த ஆளும் இல்லை. இதையெல்லாம் படித்துப் பட்டம் வாங்கியிருந்தும் ரெபேக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சுந்தரராஜுலு மருந்தை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். வைரஸின் அளவு முதலில் ஏறாமல் நின்றது, பிறகு இறங்கியது. காய்ச்சலும் இறங்கியது. மருந்துப் பெட்டி பிரிக்கப்படாமலே மருந்தகத்துக்குத் திரும்பியது.

ரெபேக்கா வார்டுக்குப் போனபோது தம்பிதுரையும் லோகப்பிரியாவும் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தார்கள். உள்ளே தீபக் மொட்டைத் தலையோடு உட்கார்ந்து, இட்லி வேண்டாம் என்று நர்ஸ் கெசியாவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சண்டை போடத் தெம்பு வந்திருக்கிறது என்று கெசியாவுக்கே சந்தோஷம். ரெபேக்கா நடந்ததைத் தன்னால் முடிந்தவரை எளிமையாகச் சொன்னாள். தம்பிதுரை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

“அப்ப, எனக்கு எப்பவோ வந்த காய்ச்சலுங்களா?”

“காய்ச்சல்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்காதுங்க. ஆனா அந்தச் செல்லுக மறக்கல. இத்தனை வருஷமா உங்க உடம்பைச் சுத்திச் சுத்திக் காவல் காத்துட்டே இருந்துச்சுக.”

அவர் தன் கையை ஒருமுறை திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்திருந்ததைக் கேட்பவர்போல் கேட்டார்.

“மேடம், அதுகளுக்கு இது என்ற சொந்தப் பையன்னு தெரியுமுங்களா?”

தெரியும் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ரெபேக்காவுக்குப் பொய் வரவில்லை.

“தெரியாதுங்க” என்றாள்.

தம்பிதுரையின் முகம் லேசாக வாடியது.

“அதுக இன்னும் உங்களுக்குள்ளதான் இருக்கறதா நெனச்சிட்டிருக்குதுக. அதுகளைப் பொறுத்தவரைக்கும் தீபக்னு தனியா ஒருத்தன் இல்லைங்க. அங்க உக்காந்திருக்கறதே நீங்கதான்.”

தம்பிதுரை கண்ணாடியின் மேல் கையை வைத்தார். நார் மில்லில் ஓர் அதட்டல் போட்டால் அத்தனை இயந்திரமும் நின்றுவிடும் என்பார்கள். அந்த மனிதர் வராந்தாவில் போகிறவர் வருகிறவர் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதார்.